சாரலுக்குக் கிழக்கே

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் ஊரைப் பற்றிப் பத்திரிகைகளில் ஒரு வாக்கியம் வந்துவிடும்: ‘குற்றாலத்தில் சீசன் களைகட்டியது.’ அடுத்த வாரம், ‘அருவிகளில் வெள்ளப்பெருக்கு, குளிக்கத் தடை.’ அதற்கு மறுநாள், ‘தடை நீக்கம், சுற்றுலாப் பயணிகள் உற்சாகக் குளியல்.’ இந்த மூன்று வாக்கியங்களையும் அச்சுக் கோத்து வைத்துக்கொண்டு தேதியை மட்டும் மாற்றினால் வருஷம் பூராவும் ஓட்டிவிடலாம். அச்சுக் கோக்கிற தொழில் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. வாக்கியங்கள் மட்டும் கோத்தபடியே இருக்கின்றன.

கிண்டலுக்காகச் சொல்லவில்லை. ஒரு ஊரைப் பற்றி மூன்று வாக்கியங்கள்தான் சாத்தியம் என்று ஆகிவிட்டால், அந்த ஊரில் நான்காவதாக நடப்பது எதுவும் நடக்காததற்குச் சமம். தென்காசியிலும் குற்றாலத்திலும் நான்காவதாக நடப்பவை நிறைய. அவற்றில் சிலவற்றைச் சொல்லத் தோன்றுகிறது. வரிசைக் கிரமமாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சாரல் என்ற சொல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். சங்கக் கவிதைகளில் சாரல் என்றால் மலைச்சரிவு. இன்றைய பேச்சில் அது மெல்லிய மழை. சொல் சரிவிலிருந்து மழைக்கு எப்போது இறங்கிற்று என்பதை அகராதிக்காரர்கள் தீர்மானிக்கட்டும். எங்கள் ஊரில் இரண்டும் ஒன்றுதான். சரிவு எதுவரையோ அதுவரை தூறல். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மறைவுப் பிரதேசம். நியாயப்படி ஜூன், ஜூலையில் எங்களுக்கு ஒரு சொட்டு விழக்கூடாது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கம் மலை தாழ்ந்து ஒரு கணவாய் விட்டிருக்கிறது. கேரளத்தில் கொட்டித் தீர்த்த மேகத்தின் மிச்சம் அந்த வழியாக நுழைந்து செங்கோட்டை, குற்றாலம், தென்காசி மீது பொடிப்பொடியாக உதிர்கிறது. நாங்கள் ஊர்ப்பெருமையாகச் சொல்லிக்கொள்வது இன்னொரு தேசத்து மழையின் சக்கைதான்.

அந்தச் சாரலுக்கு எல்லை உண்டு. சிறுவயதில் அப்பாவுடன் ஆலங்குளம் போகும் பஸ்ஸில், தென்காசியில் ஏறும்போது தார்ப்பாய் ஷட்டர்களை எல்லாம் இறக்கிவிட்டிருப்பார்கள். உள்ளே இருட்டும் ஈரத் துணி வாடையுமாக இருக்கும். பாவூர்சத்திரத்தைத் தொட்டதும் கண்டக்டர் “ஷட்டரத் தூக்குங்கய்யா” என்பார். தூக்கினால் வெயில். செம்மண், பனை, உடை மரம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இன்னொரு ஊழிக்குள் வந்துவிட்டது போல இருக்கும். அந்தப் பக்கத்து மனிதர்கள் ஈரத்தோடு இறங்கும் எங்களைப் பார்க்கிற பார்வையில் ஒரு பொறாமையும் ஒரு இளக்காரமும் இருந்ததாக இப்போது தோன்றுகிறது. குற்றாலத்தைப் பற்றி நான் படித்த இலக்கியம் அத்தனையும் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் எழுதப்பட்டது.

குறவஞ்சியையே எடுத்துக்கொள்ளலாம். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாடியது. மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அதற்காகக் கவிராயருக்கு நிலம் விட்டார். அது குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் அதில் குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்லும் பகுதி தெரியும், குரங்குகள் உட்பட. பாடப்புத்தகக் கமிட்டிகளுக்குக் குரங்குகள் மீது ஒரு தீராத பிரியம். எனக்கு அந்தப் பகுதி எப்போதுமே கொஞ்சம் சந்தேகத்துக்குரியதாகத்தான் பட்டிருக்கிறது. மலை எங்களுடையது என்று குறத்தி சொல்கிறாள். சொல்ல வைப்பவர் ஊர்ப் புலவர். கேட்பவர்கள் கோயிலாரும் பாளையக்காரர்களும் மன்னரும். மலையில் தேன் எடுத்துக் கிழங்கு தோண்டி வாழ்ந்தவர்களுக்கு இப்படி ஒரு பாட்டு இருப்பதே தெரிந்திருக்க நியாயமில்லை. குறத்திக்குக் கொடுக்கப்பட்டது மலையல்ல, மலையைப் பற்றிய பாட்டுத்தான்.

ஆனால் நூலின் பிற்பகுதியை யாரும் பேசுவதில்லை. சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிக்க வருகிறான். பறவைகள் எங்கெங்கே மேய்கின்றன என்று சொல்லும் சாக்கில் கவிராயர் கோயில் நிலங்களையும் குளங்களையும் கட்டளைகளையும், அவற்றை ஏற்படுத்தியவர்களையும், வடகரைப் பாளையக்காரர் உட்பட, பெயர் பெயராக அடுக்கிக்கொண்டே போகிறார். வெளியூர் வாசகனுக்கு இது அலுப்பு. இலக்கியச் சரித்திரக்காரர்கள் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். உள்ளூர்க்காரனுக்கு அதுதான் கவிதை. எந்த வயல் யாருடையது, எந்தக் குளத்துக்கு எந்தப் புண்ணியவான் என்பதை ஒரு மனிதன் பறவையின் கண்ணால் பார்த்துப் பதிவு செய்திருக்கிறான். அந்நாளைய உள்ளூர்ச் செய்தி என்றால் அதுதான். ‘களைகட்டியது’ என்ற ஒரு சொல்கூட அதில் இல்லை. குரங்குகளை விட்டுவிட்டு அந்தப் பட்டியலைப் பாடமாக வைத்திருந்தால் எங்கள் நிருபர்கள் வேறு மாதிரி எழுதியிருப்பார்களோ என்னவோ.

*

தென்காசி என்ற பெயரே ஒரு மொழிபெயர்ப்பு. வடக்கே ஒன்று இருக்க, தெற்கே அதன் பிரதி. மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர்களில் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டின் நடுவில் காசி விசுவநாதருக்கு இங்கே கோயில் எடுத்தான். அவனுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த அதிவீரராம பாண்டியன் காசி காண்டத்தைத் தமிழில் செய்தான், நைடதம் எழுதினான். நளன் கதையை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் முன்னோர் ஆண்ட தலைநகரைப் பறிகொடுத்து, நாலைந்து தாலுகா அளவு நிலத்தை வைத்துக்கொண்டு, பாண்டியன் என்ற பட்டத்தை மட்டும் முழுசாகச் சுமந்த ஒரு மன்னன், சூதில் நாடிழந்த ராஜாவின் கதையைத் தேர்ந்தெடுத்தான் என்பதை யாராவது யோசித்திருக்கிறார்களா தெரியவில்லை. நைடதத்தைப் புலவர்க்கு ஔடதம் என்பார்கள். எழுதினவனுக்கும் அது மருந்தாக இருந்திருக்கலாம்.

பராக்கிரம பாண்டியனிடம் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. கோயிலில் அவன் பாடலாகவே வெட்டிவைத்திருக்கும் வாசகங்களில் ஒன்று: பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஒரு குறை நேர்ந்து, அதை யார் திருத்தினாலும் அவர்கள் காலில் நான் விழுகிறேன் என்ற கருத்து. தான் கட்டியது நிற்காது என்று தெரிந்து கட்டின ராஜா. சாபம் போட்டு முடியும் கல்வெட்டுகள் நம் நாட்டில் ஏராளம். நமஸ்காரம் போட்டு முடிவது அபூர்வம்.

அவன் பயந்தது நடந்தது. ராஜகோபுரம் தீப்பட்டுச் சிதைந்து, நடுவில் பிளந்து, தலையில்லாமல் தலைமுறை தலைமுறையாக நின்றது. நான் வளர்ந்தது அந்த மொட்டைக் கோபுரத்தின் அடியில். பிளவில் ஆலும் அரசும் முளைத்திருக்கும். சாயங்காலம் கிளிகள் அடையும். வாசலில் நுழையும்போது முகத்தில் அறையும் காற்று, நாலு எட்டு வைப்பதற்குள் முதுகுப்பக்கமிருந்து தள்ளும். அது இன்றும் அப்படித்தான். கணவாய்க் காற்றுக்குக் கோபுரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். 1990இல், தினத்தந்தி அதிபர் சிவந்தி ஆதித்தனார் முன்னின்று முயன்றதில், ஒன்பது நிலைகளோடு ஏறத்தாழ 180 அடிக்குக் கோபுரம் மறுபடி எழுந்தது. கும்பாபிஷேகத்தன்று ஊரே அழுதது. பாண்டியன் விழுந்து கும்பிடுவதாகச் சொன்ன கால்கள் இவைதான் என்று மேடையில் பேசினார்கள். சரிதான். ஆனால் மேலே பார்த்துப் பார்த்துப் பழகின அந்த வெற்றிடத்தில் சிமெண்டும் வர்ணமுமாக ஒரு பூர்த்தி வந்து நின்றபோது எனக்குக் கொஞ்ச நாள் கண் கூசிற்று. சிதிலத்தின் மீது ஏக்கம் கொள்வது நவீனத்துவக்காரனின் வியாதி என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம். ஆனால் நான் பார்த்தது சிதிலத்தை அல்ல, வானத்தை. 2025 ஏப்ரலில் மறுபடி ஒரு குடமுழுக்கு நடந்தது. இப்போதைய பிள்ளைகளுக்கு மொட்டைக் கோபுரம் என்றால் புகைப்படம்.

*

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரைப் (1882–1954) பற்றிப் பேச்சு வந்தால் சிறுபத்திரிகைக்காரர்களிடம் ஒரு தர்மசங்கடம் தெரியும். ஒதுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டமான தொட்டிக்கட்டில் கூடின கூட்டம் வட்டத்தொட்டி என்று பெயர் பெற்றது. பின்னால் குற்றாலத்துக்கே வந்து தங்கிவிட்டார். ராஜாஜியும் கல்கியும் வந்தார்கள். நீதிபதி மகராஜன், பாஸ்கரத் தொண்டைமான் என்று ஒரு பரம்பரை உண்டாயிற்று. இடைசெவலிலிருந்து வந்த கி. ராஜநாராயணன் கடைசிவரை அவரைக் கொண்டாடினார். ‘எழுத்து’ 1959இல் ஆரம்பித்தபோது டி.கே.சி. மறைந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. செல்லப்பாவின் அலசலுக்கும் டி.கே.சி.யின் அனுபவிப்புக்கும் நேருக்கு நேர் ஒரு சண்டை நடக்காமலே போய்விட்டது. நடந்திருந்தால் தமிழ் விமர்சனத்துக்கு நல்லதாக இருந்திருக்கும்.

அவர் செய்தது விமர்சனமல்ல, விருந்து. ஒரு பாட்டை எடுத்து, நிறுத்தி, மறுபடி சொல்லி, எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே விட்டு, கேட்பவனைத் தலையசைக்க வைத்து விடுவது. பண்டிதர்கள் உரைக்குள் புதைத்து வைத்திருந்த கவிதையைத் தோண்டி எடுத்து, இதற்கு ஒரு காது போதும் என்று சொன்னது சின்னக் காரியமல்ல. அந்தக் காலத்துப் புலவர் சபைகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத்தான் அதிலுள்ள துணிச்சல் புரியும். பேரருவியில் மேலிருந்து விழும் தண்ணீர் நேரே தரைக்கு வருவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்து பிறகு இறங்குகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அருவியின் கீழே ஒரு மனிதனும் நிற்க முடியாது, மண்டை பிளந்துவிடும். கம்பனுக்கும் எங்கள் ஜில்லா வக்கீல்களுக்கும் நடுவில் டி.கே.சி. அப்படி ஒரு பள்ளமாக இருந்தார். அவரால்தான் நிற்க முடிந்தது. வேகம் தணிந்தது என்பதும் உண்மை.

என் மனஸ்தாபம் வேறொன்று. கம்பராமாயணத்தின் பெரும்பகுதியை இடைச்செருகல் என்று தள்ளி, எஞ்சினதிலும் காதுக்குப் பிடிக்காத சொற்களை மாற்றிப் பதிப்பித்தார். ஏட்டு ஆதாரம் கேட்டவர்களுக்கு அவரிடம் இருந்த ஒரே ஆதாரம் தன் ரசனை. ஒரு வாசகனின் சுதந்திரம் என்று பார்த்தால் இதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. ஆனால் இதே கண்ணை ஊர்ப்பக்கம் திருப்பினால் என்ன ஆகும்? அழகானது அசல், அழகில்லாதது யாரோ பின்னால் செருகினது. அருவி அசல், தென்றல், பலாச்சுளை, கோயில் எல்லாம் அசல். அருவிக்கு எண்ணெய் தேய்த்துவிடப் பிழைப்புக்கு வந்தவன், இரவு மூன்று மணிக்குக் கக்கூஸ் கழுவுகிறவள், சீசன் முடிந்ததும் வட்டிக்கு விடுகிறவனிடம் போய் நிற்கும் பழக்கடைக்காரன் எல்லாரும் இடைச்செருகல். டி.கே.சி. இப்படிச் சொன்னாரென்று நான் சொல்லவில்லை. அவர் மனிதர்களிடம் பிரியமாக இருந்தவர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அவர் கற்றுக் கொடுத்த பார்வை, கற்றுக்கொண்டவர்களிடம் இப்படி முடிந்தது.

பின்னால் வந்த கவிஞர்கள் இந்த விஷயத்தில் விவரமானவர்கள். 1980களின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னும் இடைகால்வாசியான கலாப்ரியா குற்றாலத்தில் கவிதைப் பட்டறைகள் நடத்தினார். தென்காசித் தெருக்களில் விக்ரமாதித்யனைப் பார்க்க முடிந்த காலமும் அதுதான். பகலெல்லாம் படிமம், மொழி, அரசியல் என்று வாக்குவாதம். ராத்திரி பரோட்டாக் கடையில் அதே வாக்குவாதம் இன்னும் உரக்க. நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன். அருவியில் குளித்தார்கள், அருவியைப் பற்றி அதிகம் எழுதவில்லை. குற்றாலத்துக்கு அவர்கள் செய்த மரியாதை என்று அதைத்தான் சொல்வேன்.

*

பரோட்டா என்றதும் பார்டர் ஞாபகம் வருகிறது. தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் வழியில் பிரானூர் பார்டர் என்று ஒரு இடம். வெளியூர்க்காரர்கள் கோழிக்கும் பரோட்டாவுக்கும் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். கேரள எல்லை அதுதான் என்று எண்ணிக்கொண்டு சாப்பிடுகிறவர்களும் உண்டு. கேரள எல்லை அங்கிருந்து மேற்கே புளியரை தாண்டி இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. வாஞ்சிநாதன் பிறந்தது அந்தச் செங்கோட்டையில். புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர், 1911 ஜூன் 17இல் மணியாச்சி போய்ச் சுட்டது பிரிட்டிஷ் ஜில்லாவின் கலெக்டரை. பிரானூரில் இரண்டு ராஜ்யங்கள் தொட்டுக்கொண்டன. எல்லை நகர்ந்து எழுபது வருஷம் ஆகப் போகிறது. பெயர் மட்டும் நகர மறுத்துவிட்டது.

என் ஆச்சி செங்கோட்டைக்காரி. பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்ற கணக்கைச் சாகும்வரை மறக்கவில்லை. 1940களில் பர்மா அரிசி நின்றுபோய்த் திருவிதாங்கூர் பட்டினி கிடந்தபோது, தென்காசிப் பக்கமிருந்து அரிசி கடத்தினவர்களில் அவளும் ஒருத்தி.

“பயமா இருக்காதா ஆச்சி?”

“என்ன பயம்? மடியில நாலு படி கட்டிக்கிட்டு மாசமா இருக்கவ கணக்கா நடப்போம். சவுக்கைக்காரன் ஆம்பள. பொம்பள வயித்தத் தொட்டுப் பாக்க அவனுக்குத் தைரியம் உண்டுமா?”

“பிடிச்சதே இல்லையா?”

“ஒருத்தன் கேட்டான், என்ன ஆத்தா வருசம் பூரா மாசமா இருக்கியேன்னு. அவன் வீட்டுலயும் அடுப்பு எரியணும்லா, அந்தால விட்டுட்டான்.”

இந்த எல்லையின் சரித்திரத்தை யாராவது எழுதினால் சர்.சி.பி. ராமசாமி ஐயரைப் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கும். அந்தச் சவுக்கைக்காரனைப் பற்றி ஒரு வரி இருக்குமா?

எங்கள் வட்டாரம் ஒரே ஒருமுறை தேசத்தின் முதல் பக்கத்துக்குப் போனது, 1981இல். பிப்ரவரி 19 அன்று தென்காசிக்கு அருகே மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித்துகள் இஸ்லாத்துக்கு மாறினார்கள். டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள், துறவிகள் வந்தார்கள், பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். வளைகுடாப் பணம் என்று எழுதினார்கள். டீக்கடைகளில் தனியாக வைத்திருந்த கிளாஸைப் பற்றி அதே ஆவேசத்தோடு எழுதியவர்கள் குறைவு. எனக்குத் தெரிந்த இலக்கிய நண்பர்கள் சிலர் அந்த மாதங்களில் வந்து போனார்கள். குற்றாலத்தில் தங்கி, ஐந்தருவியில் குளித்து, கம்பனைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். சில மைல் தூரம்தான். ரஹ்மத் நகர் என்ற பெயர் பலகையில் ஏறிற்று. ஊர்க்காரர்கள் இரண்டு பெயர்களையும் சொல்கிறார்கள், யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து.

*

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளைத் திருப்பி, தனியார் விடுதிகளுக்குள் செயற்கை அருவி அமைத்துக் காசு வாங்கிக் குளிக்க விட்ட விவகாரம் 2022இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போயிற்று. அப்படிப்பட்ட விடுதிகளை மூடச் சொன்னார்கள். ஓடை எங்கே போகிறது என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கீழ்மடை விவசாயிகள். சிற்றாறு வெறும் அருவித் தண்ணீரல்ல. தென்காசி வழியாக ஓடி, அணைக்கட்டு அணைக்கட்டாக வயல்களுக்குப் பிரிந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும் நதி. அருவி என்பது அந்த நதி நம் கண்ணில் படுகிற ஒரு நிமிஷம், அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்தை வேலி போட்டு விற்க முடியும் என்பது ஒரு வியாபாரிக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. முந்நூறு வருஷமாக நாம் அந்த ஒரு நிமிஷத்தைத்தானே பாடிக்கொண்டிருக்கிறோம்.

2024 மே 17. சீசன் இன்னும் ஆரம்பிக்கவில்லை. மலையில் கோடை மழை. பழைய குற்றாலம் அருவியில் வெள்ளம் திடீரென்று இறங்கி, குளித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. படிக்கட்டுகளில் ஜனங்கள் விழுந்தடித்து ஓடும் வீடியோவை நாடு முழுக்கப் பார்த்தார்கள். சில நாள் எல்லா அருவிகளுக்கும் தடை. பிறகு அந்த அருவியை வனத்துறை எடுத்துக்கொள்வதா கூடாதா என்று ஒரு தகராறு. சைரன், வளைவு, சங்கிலி, எச்சரிக்கைப் பலகை பற்றிய பேச்சுக்கள்.

எண்ணெய் தேய்க்கிற ஒருவர் எனக்குப் பல வருஷப் பழக்கம். எண்ணெயும் சோப்பும் அருவியில் கூடாது என்று நீதிமன்றம் சொன்ன பிறகு அவர் தொழில் தள்ளிப் போய்விட்டது, சந்து முனையில் ஒரு பெஞ்சு. அந்த வாரம் அவரைப் பார்த்தபோது சொன்னார்:

“அண்ணாச்சி, தண்ணி முதல்ல சத்தம் மாறும். பொறவு நெறம் மாறும். பொறவு சருகு வரும், குச்சி வரும். சத்தம் மாறுனதுமே நாங்க கரையேறிருவோம். வெளியூர் ஆளு சருகப் பாத்து, ஆகா எலை வருதுன்னு நின்னுக்கிட்டு இருப்பான். அவனச் சொல்லி என்ன செய்ய? அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

பலகையில் எழுத வேண்டியது இதுதான். எழுதியிருப்பது ‘ஆபத்து, கவனம்’.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். 1904இல் போட்ட கொல்லம் – செங்கோட்டை ரயில் பாதையின் மலைப்பகுதி, 2010இல் மீட்டர் கேஜ் நின்று, 2018இல் முழுசாக அகலப் பாதையாகத் திறந்தது. சாலையும் பாதையும் புளியரைக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாக வளைகின்றன. 2024 பிப்ரவரி 25 நள்ளிரவுக்குப் பிறகு, ஒட்டுப்பலகை ஏற்றிக் கேரளத்திலிருந்து வந்த ஒரு லாரி அந்த எஸ் வளைவில் உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. டிரைவர் இறந்துபோனார். பக்கத்தில் குடியிருந்த வயதான தம்பதி சத்தம் கேட்டு எழுந்து, ரயில் வரும் நேரம் என்று உணர்ந்து, டார்ச் விளக்கை ஆட்டிக்கொண்டே தண்டவாளத்தில் ஓடி ரயிலை நிறுத்தினார்கள். முதலமைச்சர் ஐந்து லட்சம் கொடுத்தார். இரண்டு நாள் பத்திரிகைகளில் வந்தது. எனக்கு இந்தச் செய்தி குறவஞ்சியின் பட்டியலோடு சேர்த்துவைக்க வேண்டியதாகத் தோன்றுகிறது. இருட்டில் எந்த ரயில் எப்போது எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

*

அந்த வளைவில் மேற்கே போகும் லாரிகள் வேறு சரக்கு ஏற்றியவை. தென்காசிக்குக் கிழக்கே, சாரல் நின்றுபோகும் நிலத்தில், வயல்களுக்கும் பனங்காட்டுக்கும் நடுவில் தனித்தனியாக எழும்பி நிற்கும் பாறைக்குன்றுகளைப் பொத்தை என்போம். மலை என்று யாரும் சொல்வதில்லை. அதற்கு அருவியும் இல்லை, புராணமும் இல்லை. அடியில் ஒரு சாஸ்தாவோ சுடலையோ இருப்பார். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு போய்ப் பொங்கி வைப்போம். ஆடு மேயும். மழை பெய்தால் பாறையில் விழுந்த தண்ணீர் முழுக்க வழிந்து அடிவாரக் குளத்துக்கு வரும். அந்தப் பக்கத்துக் கிணறுகளுக்கு அதுதான் ஊற்று. சாரல் எட்டாத நிலத்துக்குப் பொத்தைதான் மலை.

இந்தப் பொத்தைகள் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் கேரளத்துக்குப் போகின்றன. அங்கே மலையை உடைப்பதற்கு எதிர்ப்பு வலுத்துவிட்டது, நியாயமான எதிர்ப்பு. வீடு கட்டுவது மட்டும் நிற்கவில்லை. ஆகவே நம் பக்கத்துக் கல் போகிறது. மத்தியான நேரத்தில் வெடிச் சத்தம், ஜன்னல் அதிரும். கிரஷர் தூசி பருத்தி இலையில் மாவு பூசினது போல நிற்கும். பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம், பதினாறு சக்கரம் என்று டாரஸ் லாரிகள் புளியரைவரை வரிசையாக நிற்கும். அனுமதிச் சீட்டில் உள்ள எடையும் வண்டியில் உள்ள எடையும் ஒன்றா என்று கேட்டு மக்கள் மறியல் செய்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் குறையும், பிறகு பழையபடி. டீக்கடையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த ஒருவர் கேட்டார்: “பொத்தை போனா என்ன அண்ணாச்சி, மலை அங்கன இருக்குல்லா?” கையை மேற்கே காட்டினார். நல்ல மனிதர். மேகம் மூடின திரிகூடமலை அந்த நேரத்தில் ரொம்ப அழகாகத்தான் இருந்தது.

நான் கோபப்படவில்லை. அவர் படித்த பாடப்புத்தகத்தைத்தான் நானும் படித்தேன்.

எங்கள் சாஸ்தா கோயில் பொத்தையில் மேற்குப் பக்கம் பாதி போய்விட்டது. உடைத்த இடத்தில் நாற்பது அடிக்குமேல் குழி. மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையாகக் கிடக்கிறது, பையன்கள் குதித்துக் குளிக்கிறார்கள். குளத்துக்கு வந்த தண்ணீர் இப்போது குழிக்கு வருகிறது. போன மாதம் ஆறு பேர் சேர்ந்து மனு எழுதினோம். மூன்று பேர் அந்தப் பகுதி விவசாயிகள், ஒருவர் ஆடு மேய்க்கிறவர், ஒருவர் கோயில் பூசாரி, ஆறாவது நான். அலுவலகத்தில் மனுவை வாங்கின பெண், வயது முப்பது இருக்கும், பொறுமையாகப் படித்துவிட்டுப் பொத்தைக்கு என்ன பெயர் என்று கேட்டாள். விவசாயிகள் சாஸ்தா பொத்தை என்றார்கள். ஆடு மேய்க்கிறவர் அது மேற்குத் தலை மட்டும்தான், முழுசுக்கும் பெயர் கூகைப் பொத்தை என்றார். அவள் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். ரிக்கார்டில் பெயர் எதுவும் இல்லை. ஒரு சர்வே எண், அதற்கு எதிரே ‘தீர்வை ஏற்படாத தரிசு, கல்லாங்குத்து’ என்று இருந்தது.

“எத எழுதட்டும் சார்?” என்றாள்.

மூன்றையும் எழுதச் சொன்னோம். எழுதிக்கொண்டு, ரசீது கொடுத்தாள்.